நாற்பதடி தள்ளி நின்றால் கண் கூசாத விளக்கு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, என் சைக்கிள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும், எங்களுக்காக நீங்கள் ஒழித்து வைத்திருப்பதாகச் சொல்லும் அந்த முன்னறையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே நீங்கள் "ஒரு நிமிஷம் மாமா" என்று மகள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறீர்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு அப்படி நழுவ முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் பாலத்தடியில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் நான் சைக்கிளோடு இறங்கியது உண்மைதான். விழுந்தேன் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறீர்களாம். நான் இறங்கினேன், கொஞ்சம் வேகமாக இறங்கினேன், அவ்வளவுதான். மூக்கில் பிளாஸ்திரியோடு வீடியோவில் பேசியது என் தப்பு. மகள் அழுதாள், நீங்கள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தீர்கள், தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவர் அல்லவா, உடனே உத்தரவு போட்டுவிட்டீர்கள். "இனிமே விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் கிடையாது மாமா. சைக்கிளை வித்துட்டு, வேலையை விட்டுட்டு, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. மாசம் பொறந்ததும் முதல் ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்." சைக்கிள் போனால் என் நீச்சல் குளத்து வேலை போகும், ஏனென்றால் ஐந்தரைக்குக் குளம் திறப்பதற்குள் தண்ணீரில் குளோரின் அளவு பார்த்து மருந்து போட நான் நாலே முக்காலுக்கே அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பஸ்ஸும் கிடையாது ஒன்றும் கிடையாது. வேலை போனால் இந்த வாடகை வீடு போகும். வீடு போனால் உங்கள் முன்னறை. உங்கள் வீட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. ஆனால் குளியலறைச் சுவரில் 'ஈரத் தரை, கவனம்' என்று பலகை மாட்டிய வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போன தடவை வந்திருந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்தேன், நீங்கள் அறையிலிருந்து ஓடி வந்து, "மாமா, கைப்பிடியைப் பிடிச்சுட்டு நடங்க" என்றீர்கள். சமையலறைக்குப் போக எதற்கு மாப்பிள்ளை கைப்பிடி? அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்குத் தடுக்கி விழக்கூடவா கூடாது?

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, "ஒழுங்கான லைட் இருந்தா அது வேற விஷயம்" என்று ஒரு வார்த்தை விட்டீர்கள் பாருங்கள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் படம் அனுப்பிய கம்பெனி விளக்கின் விலைக்கு என் சைக்கிளையே இரண்டு தடவை வாங்கலாம். அதனால் சாதாரண எல்.இ.டி. டார்ச்சையே ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டார்ச்சை எடுத்து, "பத்தாயிரம் லூமென் சார், அட்டையிலேயே போட்டிருக்கான் பாருங்க" என்றார். அட்டையில் எழுத மையா பஞ்சம்? பட்டப்பகல் பதினொரு மணி, வெயிலில் எந்த டார்ச்சை அடித்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. "இருட்டுல பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். அவரும் ரோஷக்காரர், "அதுக்கென்ன சார்" என்று ஷட்டரை இழுத்து மூடிவிட்டார். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒன்பது டார்ச்சைச் சுவரில் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம். பத்தாயிரம் லூமென்காரன் முந்நூறு போட்டவனை விட மங்கல், இது அவருக்கே ஆச்சரியம். அதற்குள் வெளியே சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி வந்து ஷட்டரைத் தட்டுகிறார், ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை, கடைசியில் இரண்டு பேரும் தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்தோம். தெருவே கூடி நின்றது. அந்த அம்மாள், "உள்ள என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டபோது கடைக்காரர் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்ட ஆரம்பித்தார். நான் மட்டும் "லைட் பார்த்தோம்மா" என்று அசடு வழிந்தேன்.

வாங்கிய முதல் டார்ச், கண்ணாடியை முன்னும் பின்னும் இழுத்தால் வெளிச்சம் குவிகிற ரகம். சும்மா சொல்லக் கூடாது, தெருக்கோடி மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனையின் மீசையை எண்ணலாம். முன்சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் செங்கல் மட்டும் தெரியவில்லை. ஒரு தட்டு அகலத்துக்கு எங்கோ தொலைவில் வெளிச்சம், மற்றதெல்லாம் முன்னைவிட இருட்டு. எதிரே வருகிறவர்களுக்கு வேறு கண் கூசக் கூடாது என்று நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். அதைச் சோதிக்க எதிரே வருகிற ஆள் ஒருவர் வேண்டுமே, நான் எங்கே போவேன்? உங்கள் அத்தையைத்தான் தினமும் சாயங்காலம் இருட்டினதும் தெருவில் நாற்பதடி தள்ளி நிறுத்தினேன். நான் ஓட்டிக்கொண்டே வருவேன், "கூசுதா?" என்று கேட்பேன், அவள் சொல்ல வேண்டும். முதல் நாள், "ரெண்டு கண்ணும் போச்சு" என்றாள். மூன்றாம் நாள், "உங்க மூஞ்சி தெரியலை, அந்த வகையில நல்ல லைட்டுதான்" என்றாள். எதிர் வீட்டுத் தையல்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னக்கா, தினமும் உங்களை நிக்க வச்சுத் தண்டனையா?" என்று கேட்டார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது டார்ச்சுக்கு ஒரே பொத்தான், ஆனால் ஐந்து புத்தி. ஒரு அமுக்கு முழு வெளிச்சம், அடுத்தது பாதி, அடுத்தது கால், அதற்கடுத்து படபடவென்று மின்னல், கடைசியில் கப்பல் மூழ்கும்போது காட்டுகிற ஆபத்துச் சமிக்ஞை. எனக்கு எதற்கு இதெல்லாம், நான் என்ன நடுக்கடலிலா சைக்கிள் ஓட்டுகிறேன்? பொத்தானை அமுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். உள்ளே பேட்டரியைத் தாங்கும் ஸ்பிரிங் லூசு, சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் அதுவே ஒரு அமுக்கு அமுக்கினதாகக் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடும். வேலைக்குப் போகும் வழியில் நாலு குழி தாண்டினேன், எதிரே பால் வேன் வந்தது, என் டார்ச் பளிச் பளிச் என்று அடிக்க, வேன் ஓரங்கட்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு, "சார், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு சார்" என்று நீட்டினார். வாங்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று வாங்கிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "இந்த வாரமே கட்டிடுங்க" என்று கொஞ்சம் கறாராகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பிறகுதான் அவர் என் சைக்கிளைப் பார்த்தார். அவர் சொன்னதை மாப்பிள்ளைக்கு எழுதுவது முறையல்ல. நான் மிதித்த மிதியில் அன்றைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே குளத்துக்குப் போய்விட்டேன்.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தேன். கட்டு இறுக்கம்தான், ஆனால் டார்ச் உருண்டை, கட்டுக்குள்ளேயே மெல்லத் திரும்பிக்கொண்டே வந்து ஒரு நாள் பாலத்தடியில் நேராக என் முகத்தைப் பார்த்து நின்றது. திருப்பி வைக்க ஒரு கையைக்கூட ஹேண்டிலிலிருந்து எடுக்கப் பயம். எனக்கு ரோடு தெரியவில்லை, ரோட்டில் இருக்கிற எல்லோருக்கும் நான் நன்றாகத் தெரிந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டப் பயிற்சி செய்கிற ஒருவர், உடம்பே இல்லாத தலை ஒன்று முனகிக்கொண்டே தன்னை நோக்கி மிதந்து வருவதைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடிவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் அதற்கு முன் ஓடியிருக்க மாட்டார்.

இதெல்லாம் கூடப் போகட்டும், குளத்தில் நடந்ததை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவதாக ஒரு நல்ல டார்ச் கிடைத்த சந்தோஷத்தில், பம்பு அறைக் குண்டு பல்பை விட இதுதான் பிரமாதம் என்று நினைத்து, தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, சோதனைத் திரவத்தில் நாலு சொட்டு விட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். குளோரின் போதுமான அளவு இருந்தால் தண்ணீர் நல்ல மஞ்சளாகும். எல்.இ.டி.யின் நீல வெளிச்சத்தில் மஞ்சள் சோகை பிடித்துத் தெரிந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு அரை வாளி கொட்டிவிட்டேன். ஐந்தரைக்கு வழக்கமாக முதல் ஆளாகக் குதிக்கிற பல் டாக்டர், கறுப்பு நீச்சல் உடையில் இறங்கினார், காப்பிப் பொடி நிறத்தில் ஏறினார். கண் இரண்டும் செக்கச் சிவப்பு. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சைக்கிள் இல்லைன்னா வேலை போயிடும்னு சொன்னீங்க. இப்ப லைட்டாலயே போயிடும் போலிருக்கே" என்றார். பாதித் தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விட்டு, டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு வழியாகத் தலை தப்பியது. இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இப்போது எனக்குப் பிழைக்க வழி இந்த விளக்கு ஒன்றுதான் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பதினாறு நாள் பட்ட பாட்டில் கடைசியாகக் கண்டுபிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிற்சாலைக்குக்கூட உதவும். ஒன்றல்ல, இரண்டு சின்ன டார்ச். பொத்தானை அமுக்கினால் எரியும், மறுபடி அமுக்கினால் அணையும், வேறு எந்தப் புத்திசாலித்தனமும் கூடாது. ஒன்று அகல வெளிச்சம், முன்சக்கரத்துக்கு நாலு முழம் முன்னால் ரோட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும். இன்னொன்று கொஞ்சம் தூரத்துக்கு. பேட்டரி ஆடாமல் இருக்க அட்டையை மடித்து உள்ளே திணித்தாயிற்று. இரண்டுக்கும் தலைக்கு மேல் ஷாம்பு பாட்டிலை வெட்டிக் குல்லா மாதிரி மாட்டி, வெளிச்சம் எதிரே வருகிறவர் இடுப்புக்கு மேல் ஏறாமல் செய்துவிட்டேன். டார்ச் திரும்பாமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்பு வளையம். நேற்று சாயங்காலம் உங்கள் அத்தை நாற்பதடி தள்ளி நின்றாள், நான் வந்தேன், "கூசுதா?" என்றேன். "இல்லை" என்றாள். வேறு வார்த்தை ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் சைக்கிளை விட்டு இறங்கி ஒரு ஆட்டமே போட்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். இருட்டினதும் நீங்களே நாற்பதடி தள்ளி நில்லுங்கள். உங்கள் கண் கூசினால் சைக்கிளை அங்கேயே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். கூசவில்லையென்றால் முன்னறைப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும். நாங்கள் இருவரும் இந்த வீட்டிலேயே எங்கள் பாட்டுக்கு இருந்துகொள்கிறோம், இதுதான் எங்கள் இருவருடைய முடிவு.

உங்களுக்கும் என் மகளுக்கும் எந்தக் குறையும் வராமல், படிக்கட்டில் கால் வழுக்காமல், தலைக்கவசத்துக்கு வேலையே வராமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் பிழை இருந்தால் பார்த்துச் சொல் என்று உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள், பால் வேன் வருகிற இடத்தில் இரண்டு தடவை சிரித்தாள். படித்து முடித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைகூட நான் கிளம்புறேன்" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள், மகளிடம் போன வாரமே பேசி முடித்தாயிற்றாம். ஏன் என்று கேட்டேன். "நீங்க நாலு மணிக்குக் கிளம்பினா, போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் வர்ற வரைக்கும் நான் வாசப்படியில உக்காந்திருக்கேன். பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன். இன்னும் எத்தனை வருஷம் உக்காரணும்? எங்க இருவருடைய முடிவுன்னு எழுதியிருக்கீங்களே, என்னை எப்பக் கேட்டீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன் மாப்பிள்ளை. பதினாறு சாயங்காலம் அவளை நடுத்தெருவில் நிறுத்தி நான் கேட்ட ஒரே கேள்வி, கண் கூசுதா என்பதுதான். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும். குளத்து மேனேஜரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். வண்டியில் இரண்டு பேருக்கும் இடம் வைத்துக்கொண்டு வாருங்கள். முன்னறையில் கிடப்பது ஒற்றைக் கட்டில்தான் என்று அவள் சொல்கிறாள், பரவாயில்லை, எனக்குக் கீழே ஒரு பாய் போட்டால் போதும்.