குஷன் உறைக்குக் கிடைத்த கூலியில்லாத ஆள்

கொக்கி ஊசியை வளையத்துக்குள் விட்டு நூலை இழுத்தாள். விட்டாள், இழுத்தாள். குழந்தை தூங்குகிற நேரம் மட்டும்தான் அவளுக்குச் சொந்தம்.

"டீ கேட்டு அரை மணி ஆச்சு," என்றார் வீட்டுக்காரர்.

"முப்பத்தேழு... முப்பத்தெட்டு..."

"என் வயசை எதுக்கு ஏலம் போடுறே?"

"தையலை எண்ணுறேங்க. முப்பத்தொம்பது."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தா பாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் குஷன் உறை முடியலைன்னா ஊசி பரணுக்குப் போயிடணும். சம்மதமா?"

"முடிச்சிட்டா?"

"ஒரு மாசம் காலையில டீ நான் போடுறேன்!"

வெந்நீர் வைக்கவே வழி கேட்கிற மனிதர். இருந்தாலும் அவள் சரி என்றாள். பிள்ளை பிறந்து இந்த ஒன்றரை வருஷத்தில் தனக்கென்று அவள் கையில் எடுத்தது அந்த ஊசி ஒன்றைத்தான். அதை விடுவதாக இல்லை.

மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால், ஒன்பது சுற்று பின்னியிருந்த உறையில் நாலுதான் மிச்சம். பிரிந்த நூல் பக்கத்திலேயே அழகான உருண்டையாக, நுனி உள்ளே செருகி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பூனை பிரித்தால் சுற்றியா வைக்கும்? வீட்டுக்காரருக்குக் கிடங்கில் சாமான் அடுக்கி வைக்கும் வேலை. வழியில் கயிற்றுத் துண்டு கிடந்தால்கூடச் சுற்றி வைக்காமல் நகர மாட்டார். திருட்டிலும் அந்த ஒழுங்கு போகவில்லை!

அவளுக்குக் கண் கலங்கியது. சண்டை போட வாயும் வராது. அப்போதுதான் பீரோவுக்கு அடியில் கிடந்த பழைய பச்சைச் சால்வை ஞாபகம் வந்தது. சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னிச் சேர்த்தது. உறைக்கு நூல் போதாது என்று அதைப் பிரிக்கத்தான் நினைத்திருந்தாள். பிரித்துச் சுற்றுவதற்குள் கை ஓய்ந்துவிடுமே என்று தள்ளிப் போட்டிருந்தாள்.

நிஜ உறை அன்றே அழுக்குத் துணிக்கூடைக்குள் போய்விட்டது. வீட்டில் அவர் கை படாத ஒரே இடம் அதுதான். அவர் வேலைக்குப் போன பிறகுதான் அதை வெளியே எடுத்துப் பின்னுவாள். நூல் கூடையில் தினமும் சால்வைச் சதுரம் நாலைக் கழற்றி வைத்தாள்.

"சதுரம் சதுரமா பின்னிக் கடைசியில சேர்க்கப் போறேங்க," என்றாள்.

"இன்னைக்கு எத்தனை ஆச்சு?"

"நாலு. ஆனா நேத்து பின்னி வச்ச நாலுல, காலையில பார்த்தா ஒண்ணையும் காணோம். எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சோ?"

"தூக்கம் பத்தலைம்மா உனக்கு. பேசாம இதை விட்டுடேன்." குரலில் என்ன கரிசனம்!

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அவர் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். அவள் குழந்தையின் காதுக்குப் பின்னால் இன்னொரு தரம் சோப்பு போடுவாள். பாவம், மனுஷர் அவசரமில்லாமல் வேலை பார்க்கட்டும்.

ஞாயிறு மாலை, நாற்காலியில் பச்சைக் குஷன் ஜம்மென்று சாய்ந்திருந்தது.

"இது... இது எப்படி முடிஞ்சுது?"

"நீங்க பிரிச்சுக் கொடுத்த நூல்லதாங்க."

அவர் குஷனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான்..."

"உங்களை மாதிரி யாரு சுத்துவா, ஒரு சிக்கு கிடையாது! இன்னொரு குஷன் பாக்கி இருக்குல்ல, உங்க பழைய ஸ்வெட்டரைக் கூடையில வைக்கிறேன். நாளைக்கு டீயைப் போட்டுட்டு, நான் குளிப்பாட்டப் போனதும் கைப்பக்கமா ஆரம்பிச்சு, அப்படியே மெதுவா..."

"போதும்மா!" என்று அவர் கும்பிட்டார்.