கூடிப்போன சம்பளம்

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் தம்பியேதான். போன மாதம் ஆஸ்பத்திரியில் கண் காட்ட வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அக்காவுக்குத் தன் முகம் சரியாகத் தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

தம்பிக்கு அட்டைப்பெட்டிக் கிடங்கில் இருபத்தாறு வருஷ வேலை. சம்பள நாளன்று கவரைப் பிரிக்காமல் அப்படியே பெண்டாட்டி கையில் கொடுப்பான். மேலே எழுதியிருக்கும் தொகை தெரியும். உள்ளே இருக்கும் சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கிடங்கை மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் எடுத்து, கடையில் கவர் வாங்கி, தானே ஒட்டி, சம்பளம் என்று கொடுத்துவந்தான். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். பகல் முழுக்க ரயில் நிலைய பெஞ்ச். சாயங்காலம் திரும்புவான்.

"வேலை செஞ்சப்போகூட இவ்வளவு அலுப்பு இல்லக்கா" என்றான்.

மூன்று மாதத்தில் பணம் கரைந்துபோயிற்று. இன்னும் இரண்டு மாத வாடகைக்குத்தான் காணும். அந்த நேரம் பார்த்து டிவியில் அரசாங்க அறிவிப்பு வந்தது. விலைவாசி ஏறிவிட்டதால் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைக்கிறார்களாம். இலவசமாகத் தொழிலும் கற்றுத் தருகிறார்களாம்.

"ஏங்க, வரியைக் குறைச்சுட்டாங்களாமே?"

"ஆமா, ஆமா."

"அப்போ இந்த மாசம் சம்பளம் கூட வரணுமே?"

"வரும், வரும்."

ஊருக்கெல்லாம் வரி குறைந்தது. இவன் ஒருவனுக்குத்தான் புதிதாக வரி விழுந்தது. சம்பள நாளன்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு கூடுதலாக வைத்து ஒட்டினான்.

"என்னங்க, இவ்வளவு கூடியிருக்கு?"

"எல்லாம் அரசாங்கத்தோட கருணை."

"சீட்டையும் மூணு மாசமா காணோமே?"

"இப்பல்லாம் சீட்டு கிடையாது. எல்லாமே கம்ப்யூட்டர்."

"கவரை மட்டும் கையால ஒட்டுறாங்களாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. கவரை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படியே போனால் தெருவில்தான் நிற்கவேண்டும் என்று தம்பி பயந்துபோனான். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு தொழில் கற்று, வேலையும் பிடித்து, அப்புறம் நடந்ததைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானம் செய்தான். தீர்மானம் பெரிதுதான். அதைத் தூக்கிக்கொண்டு பயிற்சி நிலையத்துக்கு நடக்க இரண்டு வாரம் ஆயிற்று. அங்கே மேஜையில் இருந்த அம்மாள் அவனுடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க பேர் ஏற்கெனவே இருக்கே. மின்விசிறி, மோட்டார் பழுது பார்க்கிற வகுப்பு."

"நான் இன்னைக்குத்தாம்மா முதல் தடவையா வரேன்."

"அதைத்தான் கேக்கறேன். பதினோரு நாளா ஏன் வரல?"

"யாரும்மா என்னைச் சேர்த்தது?"

"உங்க வீட்டம்மாதான். 'அவரா ஒருநாள் வருவாரு, அதுவரைக்கும் இடத்தை வச்சிருங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. போய் வீட்டுல லீவு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா அடுத்தவருக்குக் குடுத்துடுவோம்."

ஐம்பத்திரண்டு வயசில் லீவு லெட்டர்! அதுவும் யாரிடம் மறைத்தானோ அவளிடமே போய்க் கேட்கவேண்டும். வீட்டுக்குத் திரும்பி, வாசலிலேயே நின்றபடி அவளிடம் கேட்டானாம்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சம்பளம் கூடின அன்னைக்கு."

"கூடினா சந்தோஷப்படணும். சந்தேகப்படுவாங்களா?"

"உங்க சம்பளத்துக்கு எந்தக் காலத்துலங்க வரி பிடிச்சாங்க? வரி கட்டுற அளவுக்கு அவங்க எப்ப குடுத்தாங்க? இருபத்தாறு வருஷச் சீட்டும் என்கிட்டதான் இருக்கு. பிடிக்காத வரியை எப்படிங்க குறைப்பாங்க?"

"அப்புறம் ஏன் கூட வரணும்னு கேட்ட?"

"கொஞ்ச நாளா உங்க முகமே சரியில்ல. நேரா கேட்டா சொல்ல மாட்டீங்க. அதான் சுத்தி வளைச்சுக் கேட்டேன்."

இந்த இடத்தில் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மருந்து விட்ட கண்ணை நானும் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதிக் கையில் கொடுத்தாளாம்: "ஐயா, என் கணவருக்கு இல்லாத வேலை அதிகமாக இருந்ததால் பதினோரு நாட்கள் வகுப்புக்கு வர முடியவில்லை. மன்னித்துச் சேர்த்துக்கொள்ளவும்."

சேர்த்துக்கொண்டார்கள். தினமும் போகிறான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வாடகைக்கு என்ன செய்வானோ தெரியவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அவனுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஓடாத மின்விசிறி ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவனிடம் கொடுங்கள், கை பழகட்டும்.