இரட்டை ஒன்பதும் என் அறையும்

மிகுந்த மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். எதுவும் மறந்துபோவதற்குள், நடந்தது எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

சின்ன அறை எனக்குப் படிக்கவா, சித்தப்பா ஒலிபெருக்கி பழுதுபார்க்கவா என்ற சண்டையைப் போக்கர் சீட்டாட்டம் ஆடித் தீர்த்துக்கொள்ளச் சொன்னவர் நீங்கள்தான். ஆளுக்கு ஐம்பது சட்டைப் பொத்தான். மூன்றாம் ஞாயிறு முடிவில் யாரிடம் அதிகமோ அவர் பக்கத்துக்கு அறை. எனக்காக அப்பா ஆடுகிறார் என்பதுதான் என் பயமே. லிஃப்ட் பரிசோதகராக இருந்துகொண்டு ஐந்து மாடியும் படியேறி வீட்டுக்கு வருகிறவர் அவர்.

மேசையில் ஐந்தாவது சீட்டைத் திறந்ததும் கடைசிப் பந்தயம். சித்தப்பா ஒரு குவியல் பொத்தானைத் தள்ளுவார். அப்பாவும் அதே அளவு வைத்தால் சீட்டைக் காட்டியாக வேண்டும். அப்பா வைக்கவே மாட்டார். "நெஜமாவே நல்ல சீட்டு இருந்துட்டா?" என்று சீட்டைக் கவிழ்த்துவிடுவார், எல்லாம் சித்தப்பாவுக்குப் போய்விடும். சீட்டுகளைச் சேர்த்து அடுக்குவது என் வேலை. அடுக்கும்போது பார்த்துவிட்டேன், அது தப்புதான்: பதினான்கு தடவையில் பத்துத் தடவை சித்தப்பா கையில் ஒன்றுமே இல்லை! நூலகப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு அப்பாவிடம், "நல்ல சீட்டை ஜெயிக்க வேணாம்பா, புளுகை ஜெயிச்சாப் போதும். நீங்க கவுத்துக்கிட்டே இருந்தா அவர் புளுகிக்கிட்டேதான் இருப்பார்" என்றேன். "சரிம்மா" என்றார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

இன்று மத்தியானம் கடைசி ஆட்டம். அப்பா கையில் ஒரு ஒன்பது, மேசையில் இன்னொன்று. ஆனால் பக்கத்திலேயே ராஜாவும் ராணியும் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள்; சித்தப்பா கையில் அதில் ஒன்றுக்கு ஜோடி இருந்தால் எங்கள் ஒன்பது ஜோடி தோற்றுவிடும். நடுவில் ஏற்கெனவே முப்பது பொத்தான் சேர்ந்திருந்தது. சித்தப்பா இருபது பொத்தானைத் தள்ளினார். அப்பாவிடம் மீதி இருந்ததும் இருபதுதான்.

"என்ன வாத்தியாரம்மா, ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் வைக்கட்டா, கதவு பக்கமா?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

"தம்பி, வாயை மூடிக்கிட்டு ஆடுங்க" என்றார் அம்மா.

அப்பா பதினொரு நிமிடம் யோசித்தார். அப்புறம் அப்பா துணிந்து இருபதையும் வைத்தார்! சித்தப்பாவிடம் இருந்தது எதோடும் ஜோடி சேராத வெறும் ஏழும் நாலும். அறை எனக்கே.

முழங்கால் வலி தேவலையா அத்தை? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

உங்கள் பணிவுள்ள மருமகள்.

பி.கு.: "துணிந்து வைத்தார்" என்று எழுதியது உறுத்துகிறது. அப்பா சீட்டைக் கவிழ்க்கத்தான் போனார். நடுங்கிய முழங்கை இடித்துப் பொத்தான் அத்தனையும் நடுவில் சரிந்துவிட்டது.

"ஐயோ, நான் வைக்கலடா!"

"பரவால்லண்ணே, தெரியாம பட்டதுதானே, எடுத்துக்கங்க" என்றார் சித்தப்பா. மூன்று வாரத்தில் ஓர் உடைந்த பொத்தானைக்கூடத் திருப்பித் தராதவர்! அப்பாவோ நன்றி சொல்லிப் பொறுக்கவே ஆரம்பித்துவிட்டார். அம்மாதான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "தம்பி எப்பலேர்ந்து இவ்வளவு நல்லவரானார்? சீட்டைத் திருப்பச் சொல்லுங்க" என்றார். ஏழும் நாலும் வெளியே வந்தது அப்படித்தான்.

ஆட்டம் செல்லாது என்கிறார் சித்தப்பா. பயத்தில் அப்பாவும் ஆமாம் என்கிறார். "அக்காகிட்டயே கேட்டுக்கலாம்" என்று இருவரும் முடிவுசெய்திருக்கிறார்கள். அத்தை, எப்படியாவது செல்லும் என்று எழுதிவிடுங்கள். உங்கள் பதில் வரும்வரை அறை யாருக்கும் இல்லை என்று அம்மா, அதற்குள் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்த என்னை வெளியே வரச் சொல்லி, அறை விளக்குகளை அணைத்துவிட்டார்.