மொட்டையும் தாடியும் மோதினால்

குத்துச்சண்டையைப் பற்றி நாக்கவுட் அண்ணன் அளவுக்குப் பேசியவர் உலகத்தில் யாரும் கிடையாது. கேட்டவர்களை அவர் அளவுக்குக் குழப்பியவரும் கிடையாது. இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. அவர் கையைத் தட்டும்போது கொசு அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. எனக்கும் அதே பிரிவு, அதே பிளாக்கில் குவார்ட்டர்ஸ். காலை ஷிஃப்ட் பஸ்ஸில் அவர் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கிளம்பும். அந்தக் காலத்து உலக சாம்பியன் ஒருவர், இந்தக் காலத்து உலக சாம்பியன் ஒருவர். இருவரும் ஒரே மேடையில் ஏறினால் யார் ஜெயிப்பார்கள்?

அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்பதால் முன்னவருக்கு மொட்டை என்றும் பின்னவருக்குத் தாடி என்றும் அவரே பெயர் வைத்திருந்தார். இதில்தான் வினை. செல்போனில் வீடியோ காட்டுவார். இளம் வயதில் எடுத்தது என்பதால் அதில் மொட்டைக்குத் தலை நிறைய முடி இருக்கும். தாடியோ அந்தச் சண்டைக்கென்று மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வந்திருப்பார். "நல்லா பாத்துக்க தம்பி, இந்த முடி வச்சிக்கினு இருக்கறவருதான் மொட்ட" என்பார் அண்ணன். நானும் நன்றாகத்தான் பார்த்தேன்.

அண்ணன் மொட்டையின் கட்சி. தாடியின் கட்சிக்குத் தலைவர் எங்கள் பிளாக்கிலேயே குடியிருந்த கிரேன் ஆபரேட்டர். இருவருக்கும் பின்னால் ஆளுக்கு அரை பஸ் கூட்டம். ஒருமுறை கேன்டீனில் தொடங்கிய வாதம் ஷிஃப்ட் முடிந்து வீட்டு வாசல் வரை நீண்டது. மறுநாள் காலை அண்ணன் பஸ்ஸில் ஏறி, யோசித்துப் பார்த்ததில் கிரேன்காரர் சொன்னதுதான் நியாயம், தாடிதான் ஜெயிப்பான் என்று அறிவித்தார். ஓடி வந்து கடைசியாக ஏறிய கிரேன்காரர், ராத்திரி முழுக்க யோசித்ததில் மொட்டையை அசைக்க முடியாது என்று புரிந்துவிட்டதாகச் சொன்னார். ஒருவரை ஒருவர் முழுசாக ஜெயித்திருந்தார்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் பாதி பஸ் நின்றுகொண்டே வந்தது. சில நாள் கழித்து இருவரும் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த விவகாரம் அண்ணன் மகளின் கல்யாணத்தில் வந்து முட்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

மகள் கவிதா நர்ஸ். பண்ருட்டியிலிருந்து வரன் வந்தது. பையன் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீசியன். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போய்தான் பெரியவர்கள் காதுக்கு விஷயம் வந்திருந்தது. பெண் பார்க்க வரும் நாளன்று குத்துச்சண்டை என்று வாயைத் திறக்கக்கூடாது என அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணனும் கேசரியை வாயில் அடைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. பையன் வீட்டார் சிரித்த முகமாகக் கிளம்பிப் போனார்கள்.

நான்கு நாள் கழித்து, இடையில் நின்று பேசிய தரகரிடமிருந்து செய்தி வந்தது. பையனின் அப்பா யோசிக்கிறாராம். பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பெண் வீட்டில் ஏதோ அடிதடி விவகாரம் இருப்பதாகத் தெரிகிறது என்றாராம்.

யாருக்கும் எதுவும் புரியவில்லை. அந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவதே டிவி ஒன்றுதான். கவிதா சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. அவளைப் பார்த்துவிட்டு அண்ணனும் தொடவில்லை. கடைசியில் நேரில் போய்ப் பேசிவிட்டு வரச்சொல்லி அண்ணனை அனுப்பினார் அண்ணி. அவர் வேறு எதையாவது பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள என்னையும் கூட அனுப்பினார்.

பையனின் அப்பாவுக்குப் பண்ருட்டியில் பலாப்பழ மண்டி. மரியாதையான மனிதர். எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு ஆரம்பித்தார்.

"எல்லா குடும்பத்துலயும் தகராறு இருக்கறதுதாங்க. ஆனா உங்க சொந்தத்துல அந்த ரெண்டு பேரு, மண்டபத்துல வந்து அடிச்சிக்கினா நாங்க என்னாங்க பண்றது?"

"எந்த ரெண்டு பேருங்க?"

"அதாங்க, மொட்டையும் தாடியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண் பார்த்த அன்று அவர் பின்பக்கம் கை கழுவப் போயிருக்கிறார். அங்கே, ஒத்தாசைக்கு வந்திருந்த கிரேன்காரர் அண்ணன் காதோரம், தாடி கையில் மாட்டினால் மொட்டை பிழைக்க மாட்டான் என்று சீண்டியிருக்கிறார். அண்ணியிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார். இரண்டும் இவர் காதில் விழுந்திருக்கின்றன.

அவர்கள் நம் சொந்தக்காரர்கள் இல்லை, வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரர்கள் என்று அவசரமாக எடுத்துச் சொன்னேன். அவர் முகம் இன்னும் வெளிறியது.

"வெளிநாட்டுலருந்தா வர்றாங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதுவரை மொட்டையையும் தாடியையும் பற்றி யாரும் வலிய வந்து அவரிடம் கேட்டதில்லை. எந்த ரவுண்டிலிருந்து ஆரம்பிப்பார் என்று பயந்து அவர் தொடையில் கை வைத்தேன். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வரமாட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கவே மாட்டாங்க" என்றார். "மொட்ட எறந்து போயிட்டாருங்க. இருந்த வரைக்கும் அந்தத் தாடிய அவரு கண்ணால பாத்தது கூட இல்ல."

மண்டிக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப எதுக்குங்க தகராறு?"

இத்தனை வருடத்தில் பஸ்ஸில் ஒருவரும் கேட்காத கேள்வி. அண்ணன் வெகுநேரம் யோசித்தார்.

"தெரியலைங்க" என்றார்.

மண்டிக்காரருக்கு அதில் என்ன புரிந்ததோ, எழுந்து வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். போனவரை நினைத்து வருத்தப்பட வேண்டாம், நல்ல காரியம் நடக்கப்போகிற வீடு என்று ஆறுதல் சொன்னார். பிறகு ஒரு பழத்தை அறுக்கச் சொல்லி, எங்கள் கை நிறையச் சுளை கொடுத்து, அங்கேயே தேதியும் பேசி முடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் கைகூடிய சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். நெய்வேலி ஆர்ச் கேட் நிறுத்தத்தில் இறங்கியதும் சொன்னார்.

"எறந்துட்டாருன்னு வாயால சொல்லிட்டேன் தம்பி. மனசு ஒரு மாதிரியா கீது."

அந்த மனிதர் இறந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. வீடுவரை கூடவே நடந்தேன்.

கல்யாணம் வடலூரில் அமோகமாக நடந்தது. மண்டிக்காரர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று பந்தியில் நின்றபடி, திருப்பதி போய் முடி இறக்கியிருந்த எங்கள் ஃபோர்மேனையும், தாடி வைத்திருந்த போட்டோகிராபரையும் அடுத்தடுத்த இலையில் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டார். கவிதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண் மை கலைந்துவிட்டது.

அண்ணன் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டியில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோனார். பகல் பொழுதெல்லாம் சம்பந்தியின் மண்டியில்தான். அங்கே யார் யாரோடு மோதுகிறார்கள், எவருக்கு முடி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

போன வாரம் எனக்குப் பண்ருட்டியில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் மண்டிவரை போய்விட்டு வந்தேன்.