பெண் பார்க்க இழுத்துப்போன மரக்கிளை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கச் சொன்னால், அதற்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்வருவேன். பால் மூன்றாவது தடவையில் பொங்கிவிடும். சலூனில் பாதி முடி வெட்டியதும் எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்ப்பேன். (டாக்டரிடமும் காட்டினார்கள். அவர் மருந்து எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால்தானே.) இந்த வியாதி என்னைப் பல இடங்களில் கவிழ்த்திருக்கிறது. ஆனால் காவலோடு பெண் பார்க்கப் போகவைத்தது ஒரே ஒரு தடவைதான்.

எழுபதுகளின் கடைசி. தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். வீடு கீழே கண்ணமங்கலத்தில். அப்பா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடம் என்னால் கெட்டுப்போயிருந்தது. முதல் இடத்தில், பெண் வருவதற்குள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், காபி வருவதற்கு முன்பே "அப்ப கெளம்பலாமாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்றாவது இடம் படவேட்டில். பெண் பெயர் வசந்தா. எதையும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்தறியாத நான், அவள் போட்டோவை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

அப்பாவின் கடிதம் சுருக்கமானது. 'ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் பார்த்தாக வேண்டும். நாங்கள் நேராக அங்கே வந்துவிடுவோம். இதுவும் போனால் இனி நீயே தேடிக்கொள்.'

அன்று மத்தியானம் ஒரு மணி பஸ்ஸுக்காக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போய் நின்றேன். மலைக்கு வருவது அந்த ஒரு பஸ்தான். இருபது நிமிஷம் நின்றேன். (என் வாழ்க்கையில் அதுவே பெரிய சாதனை.) அதற்குமேல் கால் நிற்கவில்லை. தலைமையாசிரியரிடம் ஓடிப்போய் அவருடைய சைக்கிளைக் கேட்டேன். "பின் பிரேக் பேருக்குத்தாங்க. பாத்துப் போங்க" என்று கொடுத்தார்.

பஸ் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகும். எனக்குச் சுற்றப் பொறுமை ஏது? காட்டுக்குள் நேராக இறங்கும் மாட்டுவண்டித் தடத்தைப் பிடித்தேன். அது ஆற்றைத் தாண்டி, அடிவாரத்து வனத்துறைச் சோதனைச்சாவடி அருகே பஸ் ரோட்டில் சேரும். வழி முழுக்கச் சரளைக்கல். இப்போது என் தம்பி மகன் இப்படிப்பட்ட பாதைகளைத் தேடித் தேடிப் போகிறான். கியர் சைக்கிள், தலைக்கவசம், முழங்காலுக்கு உறை எல்லாம் உண்டு. என்னிடம் இருந்த பாதுகாப்பு, பவுடர் தடவிய ஒரு கைக்குட்டை.

முதல் சரிவிலேயே சைக்கிள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, கடைசியில் ஒரு புதரைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். அங்கே வெள்ளையன் நின்றிருந்தார். என்னிடம் படிக்கும் பையனின் தகப்பனார். கேரியரில் புளி மூட்டையோடு அவரும் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கொம்பு கட்டாம எறங்குறீங்க?" என்றார்.

அவருடைய கேரியரிலிருந்து ஒரு கயிறு போயிற்று. கயிற்றின் முனையில் தழையோடு ஒரு பெரிய கிளை. மலைக்காரர்கள் இறங்கும் முறை அது. கிளை தரையில் உரசிக்கொண்டே பின்னால் இழுபடும். சைக்கிள் எவ்வளவு துள்ளினாலும் அது விடாது. அடிவாரத்தில் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"கொஞ்சம் இருங்க. மூட்டைய இறுக்கிட்டு நானே வெட்டியாறேன். எதுல வெட்டணும்னு ஒரு மொற கீதுங்க" என்றார்.

இருப்பதா? நானா? "கத்தியும் கயிறும் மட்டும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். பாதையோரம் கொஞ்சம் உள்ளே ஒரு மரம் அடக்கமாக நின்றது. கைக்கெட்டும் உயரத்தில், என் கையைவிடப் பருமனான கிளை. எனக்கென்றே நீட்டியதுபோல இருந்தது. வெட்டினேன், கட்டினேன், கத்தியை அவருடைய மூட்டைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வெள்ளையன் திரும்பிப் பார்த்துவிட்டு "சார், சார்" என்று பின்னாலேயே கூப்பிட்டார். வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.

கிளை அருமையாக வேலை செய்தது. இறக்கம், திருப்பம், மறுபடி இறக்கம், எல்லாவற்றிலும் கரகரவென்று பின்னால் வந்தது. மூங்கில் காட்டைத் தாண்டியதும் ஒரு வாசனை கிளம்பியது. பக்கத்தில் ஏதோ கோயில் இருக்கிறது என்று நினைத்து, ஓட்டிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த திருப்பத்திலும் கோயில் வாசனை. அங்கேயும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளியபோது நின்ற வாசனை, அக்கரை ஏறிச் சரளையில் உரசியதும் மறுபடி வந்தது. நல்ல சகுனம், இந்த இடம் முடிந்துவிடும் என்று தோன்றியது. மணி மூன்றரை. சந்தோஷத்தில் பாட்டுக்கூடப் பாடினேன்.

சோதனைச்சாவடியில் கிளையை அவிழ்க்கலாம் என்று இறங்கினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வனக்காவலர், கையைக்கூடக் கழுவாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தார். என்னைச் சுற்றினார். சைக்கிளைச் சுற்றினார். கிளையின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். மலை உச்சியிலிருந்து தேய்ந்து தேய்ந்து, உள்ளே மரத்தின் வைரம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது.

"வைக்கோல்ல மறைச்சி கொண்டாந்தவன பாத்துகீறேன். பால் கேன்ல கொண்டாந்தவன பாத்துகீறேன்" என்றார். "சந்தனத்த கயித்துல கட்டி இழுத்துக்கினு வந்தவன இப்பத்தான்யா பாக்குறேன்."

படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பச்சைச் சந்தன மரத்தில் இலையும் மணக்காது, பட்டையும் மணக்காது. உள்ளே வைரத்தைக் கல்லில் உரசினால்தான் மணக்கும். நானோ மலைப்பாதை முழுக்க அதைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

"சார், நான் வாத்தியாருங்க. பொண்ணு பாக்கப் போறேங்க."

"மாட்டுறவன் எல்லாம் அதத்தான் சொல்றான். இன்னா படிச்சிருக்கீங்க?"

தாவரவியல் என்று சொன்னால் தெரிந்தே வெட்டியவன் ஆவேன். கேஸ் ஆகும், வேலை போகும். படிக்கவில்லை என்றால் வாத்தியார் என்றது பொய்யாகிவிடும். "டிகிரிங்க" என்று முனகினேன். அந்த நேரம் பார்த்து, நான் காத்திருக்காமல் விட்ட பஸ் பாதிக் காலியாக வந்து, எங்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் எனக்கு வணக்கம் வேறு வைத்தார்.

"பொண்ணு வீட்லயே விசாரிச்சிக்கலாம், நடங்க" என்று காவலர் என் சைக்கிளை வாங்கி அதில் மெதுவாக வர, நான் கிளையைத் தோளில் சுமந்துகொண்டு கரும்புத் தோட்டங்கள் வழியாக ஓடினேன். (நடக்க நேரமில்லை. கைதி முன்னால் ஓட, காவல் பின்னால் "மெதுவா போங்க" என்று கெஞ்சிய ஊர்வலம் அது.) பெண் வீட்டு வாசலில் நின்றபோது மணி நாலேகால். முகம், வேட்டி, தலைமுடி எல்லாம் செம்மண்.

காவலர் கூடத்தைப் பார்த்து, "இவரு யாருன்னு தெரியுமா?" என்றார்.

பெண்ணின் அப்பா, "போட்டோவுல வெள்ளையா இருந்தாருங்க" என்று இழுத்தார். எல்லாரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னையும் கிளையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிய கழுவச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்" என்றார். அம்மா மட்டும் அழுதுகொண்டே, "எம் புள்ளதாங்க. நிக்கிறதப் பாருங்க, கால் ஆடிக்கினே கீது" என்றாள்.

"பையன் தாவரவியல் பட்டதாரி, சார். தப்பு பண்ணமாட்டாரு" என்று பெண்ணின் அப்பா எனக்குப் பரிந்து பேசினார். போச்சு. காவலரின் முகம் மாறியது. "மரம், செடி படிச்சவரா? அப்ப தெரிஞ்சிதான் வெட்டிகினாரு. ஸ்டேஷனுக்கு வாங்க."

நானோ வகுப்பில் 'சந்தனம், வேர் ஒட்டுண்ணி, எதிரெதிர் இலைகள்' என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்தியவன். தினமும் அந்த மரத்தடியில் நடந்துவரும் மலைப் பிள்ளைகள், படத்தையும் என்னையும் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் வசந்தா. இரண்டும் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன.

அப்போது உள்ளேயிருந்து வசந்தாவே வெளியே வந்தாள். அலங்காரம் பாதியில் இருந்தது, பூகூட வைக்கவில்லை. கிளையின் தேய்ந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு காவலரிடம், "சார், திருடுறவரு சந்தனத்த ரோட்ல தேச்சி வீணாக்கிக்கினு வருவாருங்களா? வாசன வேற ஊருக்கே வருது. இவரு திருடரு இல்லைங்க. இவருக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றாள்.

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வாதத்தை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

எழுதினேன். 'தாவரவியல் பட்டதாரியாகிய எனக்குச் சந்தன மரம் எது என்று தெரியாது.' சாட்சிக் கையெழுத்து இரண்டு பேர். என் அப்பா, வசந்தாவின் அப்பா. லக்னப் பத்திரிகைக்கு முன்பே இரண்டு குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது அந்தக் காகிதத்தில்தான். காவலர் கிளையை எடுத்துக்கொண்டு போனபோது மணி நாலு இருபத்தெட்டு. பெண் வெளியே வந்தது ராகு காலத்துக்கு முன்புதான், ஆகவே பெண் பார்த்தாகிவிட்டது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றும் வசந்தாவோடு எந்த விஷயத்தில் வாதாடினாலும், "எனக்குத் தெரியும்" என்று மட்டும் நான் வாய்விட்டால் போதும். பேரப்பிள்ளைகள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அவள் நிதானமாகச் சொல்லுவாள்:

"அன்னைக்கு நான் திருடர்னே சொல்லியிருக்கணும். ஆறு மாச ஜெயிலோட முடிஞ்சிருக்கும்."