சாமைக்காட்டில் நான் வளர்த்த புல்

பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் பாட்டைக் கேட்பதில்லை. அதற்கு நானே சாட்சி.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிது. கொல்லிமலையில் களை எடுக்கும்போது என்ன பாடுகிறார்கள், ஏன் பாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, குண்டனி நாடு என்னும் ஊரில், நன்றாகப் பாடுவார் என்று கேள்விப்பட்ட சின்னப்பொண்ணு அக்காவின் சாமைக்காட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். (கையில் மைக், தலையில் புதுத் தொப்பி. தேர்தல் செய்தி எடுக்க வந்தவன் என்றே நினைத்தார்களாம்.)

அக்காவோடு இன்னும் நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடச் சொன்னேன். ஒருத்தர் சும்மா நின்று பார்த்தால் பாட்டு வராது என்றார் அக்கா. சரி என்று நானும் களை எடுக்க வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு வந்துவிட்டது.

அக்கா எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். குரல் ஏறும்போது கை நீண்டது. இறங்கும்போது களை வெளியே வந்தது. பாட்டு கையை நடத்துகிறதா, கை பாட்டை நடத்துகிறதா? அந்த யோசனையிலும், மைக்கில் காற்று இரைகிறதே என்ற கவலையிலும் நான் மூழ்கியிருக்க, என் கை அது பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று மெட்டு அப்படியே இருக்க, வார்த்தைகள் மாறின. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினார்கள். நான் பரவசமாகத் தலையாட்டி, அந்த வரியை இன்னொரு முறை பாடச் சொன்னேன். பாடினார்கள்.

"தொப்பி போட்ட சாரு வந்தாரு
சாமையப் புடுங்கிப் புல்லு வளத்தாரு."

திரும்பிப் பார்த்தேன். ஒரு பாய் அகலத்துக்குப் புல் மட்டும் செழிப்பாக நின்றது. சாமைப் பயிர் என் கையில் இருந்தது.

"ஏனுங்க சார், தண்டு அடி செவந்தா புல்லு, வெளுத்தா சாமைன்னு அத்தன நேரமாப் பாடுனமே, கேக்கலீங்களா?" என்றார் அக்கா. முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அந்த வீட்டுச் சோற்றையல்லவா பிடுங்கிப் போட்டிருந்தேன்.

மண் ஈரமாக இருக்கிறது, உடனே நட்டால் பாதியாவது பிழைக்கும் என்றார். மைக்கை அணைத்துவிட்டுச் சாயங்காலம் வரை நட்டேன். அப்போதுதான் பாட்டு காதில் விழுந்தது. எந்தப் புல் மாட்டுக்கு ஆகும், எது வேரோடு போகவேண்டும், எந்தக் குருவி கத்தினால் மழை வரும் என்று எல்லாமே அதில் இருந்தது.

அடுத்த வருடம் மனைவியோடு போனேன். பாதிக்கு மேல் பிழைத்துவிட்டதாக அக்கா சொன்னார். பிறகு, நான் அன்று விட்டுவைத்த அதே வகைப் புல் ஒன்றைக் கிள்ளி என் மனைவியிடம் காட்டி, "இது சார் புல்லுங்க" என்றார். அந்த ஊரில் இப்போது அதற்கு அதுதான் பெயராம்.

இன்றும் யாராவது என்னை ஆராய்ச்சியாளர் என்று அறிமுகப்படுத்தினால், பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வரும்: "ஆமாங்க, இவர் பேர்ல ஒரு புல்லே இருக்குது."