பியௌகௌப்

முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் முதல் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தது பிரெஞ்சே அல்ல என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இலக்கணப் புத்தகமும் அகராதியும் வைத்து நானாகப் படித்தவன். பரீட்சைகள் எல்லாம் எழுத்துப் பரீட்சைகள். தாளில் யாருக்கு உச்சரிப்பு கேட்கும்? திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது.

1930களில் ஒரு நாள், வெள்ளைக்காரப் பிரின்ஸிபால் கூப்பிட்டார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு அம்மையார் ஒருவர் வருகிறாராம். நான் பிரெஞ்சில் வரவேற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவாராம். ஒரு வாரம் அம்மா மண்டபப் படித்துறையில் பேசிப் பழகினேன். (காவேரி ஆட்சேபிக்கவில்லை.)

கூட்டத்தில் திருமண், தலைப்பாகை, கோட்டு சகிதம் எழுந்து முழங்கினேன். பிரெஞ்சில் பாதி எழுத்துகள் சும்மா நிற்பவை என்பது எனக்குத் தெரியாது. ஒன்றைக்கூட விடாமல் உச்சரித்தேன். 'மிகவும்' என்று பொருள்படும் 'போகூ' என் வாயில் 'பியௌகௌப்' ஆயிற்று.

அம்மையார் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கைகூப்பி, நல்ல தமிழில் சொன்னார்:

"மன்னிக்கணும் ஐயா. எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. தமிழ்ல சொல்லுங்க, புரியும்."

மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. தமிழும் பிரெஞ்சும் தெரியாத பிரின்ஸிபால் மட்டும் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் உச்சரிப்பைப் புகழ்கிறார், சார்" என்றேன்.

அந்தச் சிரிப்பை ஆரவாரம் என்று நினைத்து அவரும் கைதட்டினார். மறுவாரமே வேலை நிரந்தரம். (தகுதி பார்த்து வேலை கொடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு இருமல் வரும்.)

கிளம்புமுன் அம்மையார் என் பேச்சுத் தாளை வாங்கி, உச்சரிக்கக் கூடாத எழுத்துகளைப் பென்சிலால் அடித்துத் தந்தார். தாளில் பாதிதான் மிஞ்சியது.

மறுநாள் வகுப்பில், "நேற்றுவரை நாம் படித்தது பழைய பிரெஞ்சு. இனி நவீன பிரெஞ்சு" என்று கூசாமல் ஆரம்பித்தேன். ஒரு பயலும் நம்பவில்லை. முந்தைய வருஷமே தேறிப்போன இருவர், எங்கோ வாத்தியார்களாகப் 'பியௌகௌப்'பைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கடிதம் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த தமிழ்ப் பண்டிதர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். கூட்டத்தன்று நான் வீடு சேருவதற்குள் கதை சேர்ந்துவிட்டது.

இன்றைக்கும் நான் வீட்டில் சற்றுக் குரலை உயர்த்தினால் போதும். என் மனைவி செங்கமலம் அடுக்களையிலிருந்து கைகூப்பியபடி வருவாள்.

"மன்னிக்கணும். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. தமிழ்ல சொல்லுங்கோ."